கறையும் கருமையும்: ஒரு பழைய சவரக் கத்தியின் வரலாறு

என் பாட்டனார் வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் கழித்து, அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது ஒரு மடக்குச் சவரக் கத்தி கிடைத்தது. கொம்பினாலான பிடி. விரற்கடை அகலமுள்ள அலகு. அலகெங்கும் பழுப்பும் கருமையுமாகக் கறை படர்ந்திருந்தது. அப்போது எனக்கு வயது குறைவு. பொறுமை அதனினும் குறைவு. பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோலப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்தேன். பிறகு சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கத்தி பளபளத்தது. பெருமையோடு வீட்டார் அனைவரிடமும் காட்டினேன்.

அலகின் அடிக்கழுத்தில் சில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. பார்த்தேன். ‘ஷெஃபீல்டு’ என்ற ஊர்ப்பெயர் மங்கலாக எஞ்சியிருந்தது. அதற்கு மேலிருந்த செய்தவரின் பெயர் போய்விட்டது. கறையை மட்டுமே நீக்குவதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரின் பெயரையும் சேர்த்தே அழித்துவிட்டேன்.

அந்தக் குற்ற உணர்வுதான் இக்கட்டுரைக்கு வித்து. அது யாருடைய கத்தி, அதன் எஃகு எங்கிருந்து வந்தது, அதைத் தீட்டியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அத்தேடல் இங்கிலாந்தின் ஓர் ஊரில் தொடங்கி, நம் பரங்கிப்பேட்டையின் கரைக்கும் சேலத்து மலையடிவாரத்துக்கும் என்னை அழைத்து வந்தது.

பழைய கத்தியில் கறை ஏன் படிகிறது?

இன்று நம் சமையலறையில் இருக்கும் கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிப்பதில்லை. அவற்றில் குரோமியம் கலந்திருப்பதே காரணம். ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி என்னும் உலோக ஆய்வாளர் துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தைத் தடுக்க முயன்றபோது, 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏறத்தாழ 12.8 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். துருப்பிடிக்காத எஃகுக் கத்திகளின் வரலாறு அங்கிருந்து விரிகிறது. ஊரின் கத்தித் தொழிலாளர்கள் முதலில் அதை ஏற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை எள்ளி நகையாடினர்.

அதற்கு முந்தைய எஃகுச் சவரக் கத்திகள் பெரும்பாலும் இரும்பும் கரியும் சேர்ந்த எஃகினால் ஆனவை. ஷெஃபீல்டில் எஃகைக் கரியின் அளவைக் கொண்டு தரம் பிரித்தார்கள். ‘சவரக் கத்தித் தரம்’ என்றால் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரி. வேலைக்கருவிகளுக்கான எஃகுகளுள் மிகக் கடினமானது அது. மிக நுண்மையான கூரைத் தாங்குவதும் அதுவே. சற்றே அதிகமாகக் காய்ச்சினாலும் கெட்டுவிடும் என்பதால் தேர்ந்த கொல்லரிடம் மட்டுமே அதைக் கொடுப்பார்கள். இத்தகைய எஃகின்மேல் ஈரம் தங்கினால் அது துருவாக மாறுவது உறுதி. வியர்வையின் உப்பும் சவர்க்காரத்தின் எச்சமும் அதை விரைவுபடுத்தும்.

ஆயினும் எல்லாக் கறையும் துரு அன்று. செந்நிறத் துரு நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு உள்ளே மேலும் மேலும் அரித்துச் செல்லும். நீலச் சாம்பல் நிறத்திலோ கருமையாகவோ படியும் மெல்லிய படலம் அத்தகையதன்று. அது எஃகோடு ஒட்டிக்கொண்டு ஓரளவு காப்பாகவும் நிற்கிறது. முன்னது நோய், பின்னது முதுமை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கை வைத்ததுதான் என் முதல் தவறு.

கடிகாரக்காரர் கண்ட உருக்கு

ஷெஃபீல்டுக்கு அருகே, 1740ஆம் ஆண்டையொட்டி, பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி ஒரு பெரிய காரியத்தைச் செய்தார். அதுவரை இங்கிலாந்தில் எஃகு முழுமையாக உருகும் நிலையை அடைந்ததில்லை. இரும்புக் கம்பிகளைக் கரித்தூளுக்குள் புதைத்து நாட்கணக்கில் காய்ச்சுவார்கள். மேற்புறத்தில் கரி மிகுதியாகவும் உட்புறத்தில் குறைவாகவும் ஏறும். கடிகாரச் சுருள்வில்லுக்கு அது சரிப்படவில்லை. ஹன்ட்ஸ்மன் அந்த எஃகைக் களிமண் மூசையில் இட்டு, நிலக்கரிச் சுட்டகரியின் கடும் வெப்பத்தில் முற்றிலும் உருக்கி வார்த்தார். எங்கும் ஒரே சீரான எஃகு கிடைத்தது.

உள்ளூர்க் கத்தித் தொழிலாளர்கள், அடிப்பதற்கு மிகக் கடினம் என்று கூறி அதைத் தொடவில்லை. அவர் அதை பிரான்சுக்கு விற்றார். அங்கிருந்து வந்த நேர்த்தியான கத்திகளைக் கண்ட பிறகே ஷெஃபீல்டு விழித்துக்கொண்டது. ஹன்ட்ஸ்மன் தம் முறைக்குக் காப்புரிமை பெறவில்லை, இரகசியமாக வைத்திருந்தார். அது வெகுநாள் இரகசியமாக நிற்கவுமில்லை. அவர் 1776இல் இறந்தார். அடுத்த நூறாண்டுகளில் உலகின் மிகச் சிறந்த சவரக் கத்திகள் பலவும் அந்த மூசை எஃகிலிருந்தே வந்தன.

அதற்கும் முன்னே நம் மண்ணில்

மூசையில் எஃகு ஆக்கும் கலை ஹன்ட்ஸ்மனுக்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டில் இருந்தது. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலின் அகழாய்வில் உலைகளும் மூசைத் துண்டுகளும் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவான எஃகு கடல் வழியே அரபு நாடுகளை அடைந்தது. கலீஃபா அல் முஃதஸிமின் காலத்தில், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அல் கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வாள்களை எஃகின் வகையாலும் பிறந்த இடத்தாலும் தரம் பிரித்துக் காட்டும் அந்நூலில் ஸரந்தீபின் எஃகுக்கு இடமுண்டு. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து அல் பீரூனியும் தம் மணிகள் பற்றிய நூலில் எஃகைக் குறித்து எழுதினார்.

அந்த வாள்களின் அழகு அலகில் ஓடும் நீரலை போன்ற கோலங்களில் இருந்தது. அரபியில் அதை ஜவ்ஹர் என்றும் ஃபிரிந்த் என்றும் அழைத்தனர். அலகைத் துலக்கியபின் அமிலத் தன்மையுள்ள கரைசலைப் பூசினால், கரி மிகுந்த பகுதி வெளிறியும் மற்றது கருத்தும் கோலம் வெளிப்படும். அந்தக் கைவினைஞர்களுக்குக் கருமை ஒரு குறையன்று. எஃகின் உள்ளியல்பை வெளிக்காட்டும் சாட்சி.

ஐரோப்பியர் இந்த எஃகை ‘வூட்ஸ்’ என்று அழைத்தனர். கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ ஆகியவற்றோடு உறவுடைய சொல் அது. 1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் அதன் கட்டிகளை லண்டனின் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். மறு ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் தொழிலாளி, பல்லாண்டுச் சோதனைக்குப் பின் ஐரோப்பாவின் எந்த எஃகைவிடவும் இந்திய எஃகே மேலானது என்று தம் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார்.

இந்த ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து உழைத்தவர், பின்னாளில் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே. வூட்ஸின் மேன்மைக்குக் காரணம் தேடிய இருவரும் எஃகோடு பிற உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்நூறு பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி என்ற கலவை அவற்றுள் ஒன்று. அதன் பிறகு ‘வெள்ளி எஃகு’, ‘இந்திய எஃகு’ என்னும் சொற்கள் சவரக் கத்திகளின் அலகில் பொறிக்கப்படலாயின. பலவற்றில் அது வணிகரின் சொல்லலங்காரமே. வெள்ளியும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆயினும் அச்சொற்களுக்குச் சந்தையில் மதிப்பு இருந்தது. அம்மதிப்பை ஈட்டிக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத நம் ஊர் உலைக்காரர்கள்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷெஃபீல்டுக்கு

மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த பரங்கிப்பேட்டை, வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பழைய துறைமுகம். மரக்கலங்களும் மார்க்க அறிஞர்களும் நிறைந்திருந்த அவ்வூரில், 1830ஆம் ஆண்டையொட்டி ஓர் இரும்பாலை எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலராக இருந்து வேலையைத் துறந்த ஜோசியா மார்ஷல் ஹீத் அதை நிறுவினார். தாது சேலம் மாவட்டத்திலிருந்து வந்தது, எரிபொருள் மரக்கரி. காடுகள் குறையக் குறையக் கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆலை இலாபம் காணாமலே தடுமாறி, பின்னர் மூடப்பட்டது.

ஆனால் ஹீத் நம் உலைக்காரர்களைக் கூர்ந்து கவனித்தவர். 1839இல் வெளியான அவருடைய கட்டுரை சேலத்து முறையைப் பதிவு செய்கிறது. இரும்பைத் துண்டாக்கிச் சிறிய களிமண் மூசையில் இடுவார்கள். அதனுடன் உலர்ந்த ஆவாரங்குச்சியைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கித் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால், அடியில் எஃகுக் கட்டி இருக்கும். ஆவாரையும் எருக்கும் நாம் வழியோரத்தில் காணும் செடிகள்தாம். அவற்றிலிருந்த கரியே இரும்பை எஃகாக்கியது.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், அதே 1839ஆம் ஆண்டு ஒரு காப்புரிமை பெற்றார். உருகும் எஃகில் மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு இட்டால், விலை குறைந்த இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்பதே அவர் கண்டது. அதுவரை ஷெஃபீல்டு சுவீடனின் விலையுயர்ந்த இரும்பையே நம்பியிருந்தது. ஹீத்தின் முறையால் எஃகின் விலை பெருமளவு சரிந்தது. கத்தித் தொழில் செழித்தது.

பலன் அவரை வந்தடையவில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் நேரே மூசையில் இட்டாலும் அப்பொருள் உள்ளேயே உருவாகிவிடும் என்ற எளிய வழியை, நம்பிக்கையினால் தம் ஷெஃபீல்டு முகவர் அன்வினிடம் கூறினார் ஹீத். முகவர் அவ்வழியைத் தாமே பயன்படுத்திக்கொண்டார். ஊரும் பின்தொடர்ந்தது. காப்புரிமையில் எழுதப்பட்ட பொருள் வேறு, இது வேறு என்பது அவர்களின் வாதம். வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்தது. ஹீத் 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அளித்த இறுதித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது. நம்பி ஒப்படைத்ததைக் காக்கத் தவறுவதை நாம் அமானித மோசடி என்போம். சட்டத்தின் சொல் அதை மோசடி என்று கொள்ளவில்லை.

ஹீத்தின் துயரத்தைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருக்காவது வழக்காட ஒரு நீதிமன்றம் இருந்தது; அவருடைய பெயர் நூல்களில் நிற்கிறது. அவர் குறிப்பெடுத்த சேலத்து உலைக்காரர்களில் ஒருவரின் பெயரையும் நாம் அறியோம்.

சாணைக்கல்லின் முன் அமர்ந்தவர்கள்

எஃகு அலகாவது கொல்லனிடம், கூராவது சாணைக்காரரிடம். ஷெஃபீல்டின் சாணைக்காரர் மரத்தாலான சேணம் போன்ற இருக்கையில் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, முன்னே சுழலும் மணற்கல்லின் மீது குனிந்து வேலை செய்தார். சில வேலைகளில் கல்லுக்கு நீர் வார்ப்பார்கள், தூசி அடங்கும். சில வேலைகள் உலர்ந்த கல்லில் நடந்தன. கல்தூசியும் எஃகுத்தூசியும் நுரையீரலில் நிறைந்தன.

ஆர்னால்ட் நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நோயை விவரித்தார். உலர்ந்த கல்லில் மட்டுமே வேலை செய்த முள்கரண்டிச் சாணைக்காரர்கள் 28க்கும் 32க்கும் இடைப்பட்ட வயதில் இறந்தார்கள். ஈரக் கல்லையும் உலர்ந்த கல்லையும் மாறி மாறிப் பயன்படுத்திய சவரக் கத்திச் சாணைக்காரர்கள் 40க்கும் 45க்கும் இடையில் இறந்தார்கள். தூசியை வெளியேற்றும் விசிறிகள் வந்தபோதும் தொழிலாளரில் பலர் அவற்றை விரும்பவில்லை. ஆயுள் நீண்டால் ஆட்கள் பெருகுவர், ஆட்கள் பெருகினால் கூலி குறையும் என்று அஞ்சியதாக அக்காலத்து எழுத்துகள் கூறுகின்றன. வறுமை மனிதனை எந்த எல்லைக்குத் தள்ளும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

சாணைக்குப் பின் மெருகு. தோல் சுற்றிய சக்கரங்களில் முதலில் எமரித் தூள், கடைசியில் ‘குரோகஸ்’ எனப்பட்ட செந்தூள். எமரியில் வெட்டும் பொருள் குருந்தம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் தமிழிலிருந்தே சென்றது. குரோகஸோ அன்னபேதியைச் சுட்டு எடுக்கும் இரும்பு ஆக்சைடு. அதாவது துருவின் நெருங்கிய உறவு. எஃகை அழிக்கும் துருவின் இனத்தைச் சேர்ந்த ஒரு தூளே எஃகுக்குக் கண்ணாடி போன்ற மெருகையும் தருகிறது. அளவும் முறையும் அறிந்தவனின் கையில் எதுவும் வேறாகிறது.

என் பாட்டனாரின் கத்தியில் நான் உப்புத்தாளால் அழித்த மேற்பரப்பு, அப்படி ஒருவர் தம் மூச்சைக் கொடுத்து ஆக்கிய மேற்பரப்பு.

கறை நீக்கும் முறை

இத்தகைய கத்தி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் எதையும் தேய்க்காமல் எழுத்துகளைப் படியுங்கள், படமெடுத்து வையுங்கள். மகுடத்துடன் ஜி.ஆர்., டபிள்யூ.ஆர்., வி.ஆர். என்றிருந்தால், அவை முறையே ஜார்ஜ், வில்லியம், விக்டோரியா ஆகியோரின் ஆட்சியைச் சுட்டும். நாட்டின் பெயர் தனியே பொறிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது 1891க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா இயற்றிய சட்டமே காரணம். ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து ஷெஃபீல்டின் பெயர் தாங்கிய போலிகள் வந்ததால், 1887இல் பிரிட்டனும் வணிகக் குறிகளுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அலகில் பொன்னிறச் சித்திரம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மெல்லிய அப்பூச்சு ஒரே தேய்ப்பில் போய்விடும்.

அடுத்து, அலகில் தையல் இயந்திர எண்ணெய் தடவி ஓரிரு நாள் விடுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகும் என்பதால் தவிர்ப்பது நலம். பிறகு கத்தியைத் தட்டையான மரப்பலகையில் வைத்து, முதுகிலிருந்து கூரை நோக்கி மட்டும் துணியால் துடையுங்கள். கூருக்கு எதிராகவோ கூரின் மேலோ விரல் செல்லக் கூடாது. செந்துரு பெரும்பாலும் இதிலேயே இளகிவிடும். எஞ்சியதற்கு மிக நுண்ணிய உப்புத்தாளை, 1000 அல்லது 2000 எண்ணுடையதை, எண்ணெயில் நனைத்து மென்மையாகப் பயன்படுத்தலாம். இறுதியில் உலோக மெருகுக் களிம்பு. எழுத்துள்ள பகுதியைத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புளி, எலுமிச்சை, வினாகிரி ஆகியவற்றில் ஊறவைக்க வேண்டாம். அமிலம் துருவை மட்டுமன்றி எஃகையும் தின்னும். மின்விசைச் சக்கரத்திலும் வைக்க வேண்டாம். சவரக் கத்தியின் பதம் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸில் அமைக்கப்பட்டது. மெல்லிய விளிம்பு அதற்கு மேல் சூடேறினால் கடினத்தை இழந்துவிடும், பார்வைக்கு எதுவும் தெரியாது. பிடி செல்லுலாய்டினால் ஆனதா என்றும் கவனியுங்கள். சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு வெளியிடும் அமில ஆவி, மூடிய பெட்டிக்குள் அலகை அரித்துவிடும்.

செந்துரு நீங்கியபின் கருமை எஞ்சினால் விட்டுவிடுங்கள். கூரின் விளிம்பிலேயே குழிகள் விழுந்திருந்தால், அது சவரத்துக்கு உதவாது. நினைவுப் பொருளாக எண்ணெயிட்டு வைக்கலாம். பயன்படுத்துவதாயின் நன்கு கிருமி நீக்கம் செய்து ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரத்தத்தால் பரவும் நோய்களுக்கு ஒரு சிறு கீறல் போதும். பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாள் தலைமுடி களைய, பாட்டனாரின் கத்திதான் வேண்டும் என்று எவரும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அதற்குப் புதிய பிளேடே பொருத்தம்.

எஞ்சியிருக்கும் பெயர்

முடி களைவதும் தூய்மை பேணுவதும் நம் அன்றாட வாழ்வின் பகுதி. ஹஜ்ஜின் நிறைவில் தலை மழிப்பது வணக்கத்தின் பகுதி. பிராணியை அறுக்குமுன் கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். எச்செயலையும் அழகுறச் செய்ய வேண்டும் என்ற இஹ்ஸானின் பாடத்தோடு சேர்த்தே கத்தியின் கூர்மை அங்கே பேசப்படுகிறது. ஒரு கருவியைப் பேணுவது அது தொடும் உயிரின்மீது காட்டும் கருணை என்று அதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். அதை ஆக்கியவர்கள்மீது காட்டும் நன்றியும் அதுவே என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டனாரின் கத்தி இப்போது எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு என் மேசையறையில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து வைக்கிறேன். என் கையால் அழிந்த பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. அந்த உழைப்பாளி யாரென்பதை அல்லாஹ் அறிவான். என் பிள்ளைகள் அதைக் கேட்டால் கொடுப்பேன். உப்புத்தாளை மட்டும் கொடுக்க மாட்டேன்.